பான் ஆம் ஏர்லைன் செக்யூரிட்டியையும் ஸ்டாஃபையும் எப்படி நடத்துச்சு? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க

நெல்லை_முத்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனில செக்யூரிட்டி சைடுல புதுசா சேந்திருக்கேன், இப்ப அவ்செக் (விமானப் பாதுகாப்பு) கிளாஸ் ஓடிட்டு இருக்கு. கிளாஸ்ல 1986 கராச்சி ஹைஜாக் வந்துச்சு, அமெரிக்க ஏர்லைன் பான் ஆமோட 73ம் நம்பர் ஃப்ளைட், பம்பாய்ல இருந்து கராச்சி, ஃபிராங்க்ஃபர்ட் வழியா நியூயார்க் போற 747. நாலு பேர் ஏர்போர்ட் செக்யூரிட்டி யூனிஃபார்ம் மாதிரியே போட்டுக்கிட்டு, செக்யூரிட்டி வண்டி மாதிரியே ஒரு வேன்ல ஏர்கிராஃப்ட் பக்கத்துல வந்து எறங்கி ஏறிட்டாங்க. "பாடம் என்னன்னா கேட்ல வண்டியையும் ஆளையும் செக் பண்ணணும்"னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாங்க.

எனக்கு அதோட மனசு ஆறல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். நீர்ஜா பனோட்டுக்கு அப்ப 22 வயசு, இன்னும் ரெண்டு நாள்ல 23 ஆகியிருக்கும். அந்த ஃப்ளைட்ல சீனியர் பர்சர், அதாவது கேபின் க்ரூவுக்குத் தலைமை. பைலட், கோ-பைலட், ஃப்ளைட் இன்ஜினியர் மூணு பேரும் காக்பிட் மேல இருக்க ஓட்டை வழியா வெளிய போயிட்டாங்க, உள்ள இருந்தது முழுக்க கேபின் க்ரூவும் பேசஞ்சரும்தான். கிளாஸ்ல இதப் பத்தி பெரிய சண்டையே வந்துச்சு, பாதிப் பேரு "விட்டுட்டு ஓடிட்டாங்க"ன்றாங்க, பாதிப் பேரு இல்லன்றாங்க.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அதே கம்பெனிக்குத்தான் லாக்கர்பி, ஸ்காட்லாந்துல அந்த ஊர் மேல ஃப்ளைட் குண்டு வெடிச்சு விழுந்துச்சே, அது. இதான் எனக்குப் புரியல. ஒரு தடவ இவ்ளோ பெருசா அடி வாங்குன ஏர்லைன் மறுபடி எப்படி அப்படி விட்டுச்சு? கம்பெனி ஸ்டாஃபை எப்படி நடத்துச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? நான் கேக்குறதுக்குக் காரணம் இருக்கு, எங்க ஷிஃப்ட்லயும் "மொதல்ல ஃப்ளைட் டைமுக்கு கெளம்பணும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்"ன்ற பேச்சு அடிக்கடி காதுல விழுது. எனக்கு அது சரியாப் படல. சீனியர்ஸ் யாராவது சொல்லுங்க.

பறந்தவள்_1990:

தம்பி, நான் கேபின் க்ரூவா ரொம்ப வருஷம் பறந்தவ, பான் ஆம்ல இல்ல, வேற ஏர்லைன்ல. அந்த ஓட்டை விஷயத்த மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அதுல நெறைய பேருக்கு தப்பான எண்ணம் இருக்கு.

ஹைஜாக்னு தெரிஞ்ச ஒடனே ஒரு ஏர் ஹோஸ்டஸ் கோட் சொல்லி காக்பிட்டுக்கு தகவல் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு அந்த நேரத்துல பயந்து ஒறஞ்சு நின்னிருந்தா கத வேற. தகவல் போனதாலதான் மூணு பேரும் வெளிய போக முடிஞ்சுது, அவங்க போனதாலதான் அந்த ஏர்கிராஃப்ட் தரையவிட்டு கெளம்பல. வந்தவங்க கேட்டது சைப்ரஸுக்கு ஓட்டு, அங்க ஜெயில்ல இருக்க எங்க ஆளுங்கள விடணும்னு. ஓட்ட ஆள் இல்ல. 380 பேரு கிட்ட இருக்க ஒரு 747 ஆகாயத்துல அவங்க கைல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாரு. உயிரோட தப்பிச்ச க்ரூ சில பேரு 30 வருஷம் கழிச்சு 2016ல வெளிய பேசுனாங்க, அவங்களே பைலட்டுங்க போனது சரிதான்னு சொல்றாங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்களே அப்படி சொல்றப்ப வெளிய இருக்க நாம ஓடிட்டாங்கன்னு சொல்லக்கூடாது.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததப் பாரு. மேல இருந்து ஆர்டர் போட யாரும் இல்ல. 16 மணி நேரம் கிட்ட. பாஸ்போர்ட்ட எல்லாம் வாங்கிட்டு வான்னு சொல்றாங்க, எதுக்குன்னு இந்தப் பொண்ணுங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, அமெரிக்கன் பாஸ்போர்ட்ட சீட்டுக்கு அடில தள்ளிட்டாங்க, கண்ணுல படாத எடத்துல எல்லாம் போட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறந்து பேசிக்க முடியாது, கண்ணு ஜாடைதான். நாப்பதுக்கு மேல அமெரிக்கர்கள் இருந்தாங்க, அதுல செத்தவங்க ரெண்டு பேரு. ராத்திரி கரண்ட் கொறஞ்சு லைட் அணைஞ்ச ஒடனே சுட ஆரம்பிச்சுட்டாங்க, குண்டும் போட்டாங்க. அந்த இருட்டுல கதவத் தொறந்து ஸ்லைட போட்டு ஆளுங்கள எறக்குனதும் இந்தப் பொண்ணுங்கதான். நீர்ஜா கதவுப் பக்கத்துல நின்னவ, அவதான் மொதல்ல குதிச்சிருக்கலாம். குதிக்கல. கொழந்தைங்கள மறைச்சு நின்னு குண்டு வாங்குனா. அசோக சக்ரா அவளுக்கு குடுத்தது சும்மா இல்ல. எல்லாமா சேத்து 20 பேருக்கு மேல செத்தாங்க, 100 பேருக்கு மேல காயம். அதுல பான் ஆம் கராச்சி மெக்கானிக் ஒருத்தரும் உண்டு, அவர வெச்சுதான் ரேடியோல பேச வெச்சிருக்காங்க, அவரப் பத்தி யாரும் பேசுறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

இதுல நீ கேட்ட கேள்விக்கு பதில் என்னன்னா, அன்னைக்கு பான் ஆம் செக்யூரிட்டின்னு சொல்றதுக்கு மிஞ்சி இருந்தது ட்ரெயினிங் எடுத்த இருபது சொச்சம் வயசுப் பசங்களோட புத்திதான். கேட் விட்டுடுச்சு, கம்பி வேலி விட்டுடுச்சு, இவங்க விடல. அப்படிப்பட்ட ஸ்டாஃப் இருந்த கம்பெனி பின்னாடி என்ன பண்ணுச்சுன்றத வேற யாராவது சொல்லுங்க, எனக்கு அந்த பக்கம் அவ்ளோ வெவரம் தெரியாது.

மீனம்பாக்கம்_பழையஆள்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. மிச்சத்த நான் சொல்றேன், நான் ஏர்லைன் செக்யூரிட்டிலயே இருந்து ரிட்டையர் ஆனவன், லாக்கர்பி ரிப்போர்ட்ட எல்லாம் வேலைக்காகவே படிக்க வேண்டியிருந்துச்சு.

முத்து, பான் ஆம் காசு நெலமைய மொதல்ல புரிஞ்சுக்கணும். 80கள்ல அது வித்து வித்து சாப்பிட்ட கம்பெனி. நியூயார்க்ல இருந்த சொந்த பில்டிங்க வித்தாங்க, இன்டர்கான்டினென்டல் ஹோட்டல வித்தாங்க, பசிஃபிக் ரூட் மொத்தத்தையும் 75 கோடி டாலருக்கு யுனைடெட்டுக்கு குடுத்தாங்க. ஸ்டாஃப் கிட்ட சம்பளத்த விட்டுக் குடுங்கன்னு கேட்டு, குடுத்தும் கேட்டு, 1985ல மெக்கானிக், ராம்ப் (ஏர்கிராஃப்ட் நிக்கிற எடம்) ஆளுங்க யூனியன் ஸ்ட்ரைக்கே பண்ணுச்சு. இப்படி இருந்த கம்பெனி 1986ல செக்யூரிட்டிக்குன்னு அலெர்ட்னு தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சுது. அட்லான்டிக் தாண்டுற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 5 டாலர் செக்யூரிட்டி சார்ஜ். நியூயார்க் ஏர்போர்ட்ல நாய்ங்கள கூட்டிட்டு நடந்து காமிச்சாங்க, பேப்பர்ல விளம்பரம். அந்த நாய்ங்க வெடிமருந்து மோப்பம் பிடிக்கப் பழகுன நாய்ங்களே இல்லன்னு பின்னாடி வெளிய வந்துச்சு. எனக்கு இன்னைக்கும் கோவம் வர்றது அந்த நாய் விஷயத்துலதான். பேசஞ்சர் நம்பி 5 டாலர் குடுக்குறான், அவனுக்கு நீ ஒரு நாயக் காட்டுற.

அதே 1986ல, இஸ்ரேல் ஏர்லைன் எல் ஆல் செக்யூரிட்டில பெரிய ஆளா இருந்த ஐசக் யெஃபெட்ட கூப்பிட்டு எங்க ஸ்டேஷன் எல்லாம் பாத்து சொல்லுங்கன்னு கேட்டாங்க. அவர் டீம் பாத்துட்டு, இந்த நெலமைல எந்தத் தாக்குதலயும் தடுக்க முடியாதுன்ற அளவுக்கு எழுதிக் குடுத்துச்சு. தெரியாம நடந்துச்சுன்னு சொல்லவே முடியாது தம்பி. காசு குடுத்து ரிப்போர்ட் வாங்கி கைல வெச்சிருந்தாங்க.

இப்ப லாக்கர்பி. 1988 டிசம்பர் 21. அந்தக் காலத்துலயே ரூல் என்னன்னா, வேற ஏர்லைன்ல இருந்து மாறி வர்ற பெட்டியோட ஆள் வந்திருக்கானான்னு பாக்கணும், ஆள் இல்லன்னா பெட்டியத் தொறந்து பாக்கணும், இல்ல ஏத்தக்கூடாது. பான் ஆம் ஃபிராங்க்ஃபர்ட்லயும் லண்டன்லயும் அத விட்டுட்டு எக்ஸ்ரே மட்டும் போட்டா போதும்னு மாத்திக்கிச்சு. எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) வாயால சரின்னு சொன்னாங்கன்னு பின்னாடி வாதாடுனாங்க, எழுத்துல எதுவும் கெடையாது. ஏன் மாத்துனாங்க? ஆள் தேடி பெட்டி தேடி எறக்குனா ஃப்ளைட் லேட் ஆகும், ஆளும் அதிகம் வேணும். கோர்ட் ஏத்துக்கிட்டபடி குண்டு இருந்த சூட்கேஸ் மால்டால இருந்து ஆள் இல்லாம ஃபிராங்க்ஃபர்ட் வந்து, அங்கிருந்து லண்டன் வந்து, நியூயார்க் போற பான் ஆம் 103 ஃப்ளைட்ல ஏறுச்சு. உள்ள தொஷிபா ரேடியோ கேசட்ல செம்டெக்ஸ்ன்ற வெடிமருந்து. எக்ஸ்ரேல ரேடியோ ரேடியோவாத்தான் தெரியும். 243 பேசஞ்சர், 16 க்ரூ, கீழ ஊர்ல 11 பேரு செத்தாங்க.

1990ல அமெரிக்க பிரசிடென்ட் போட்ட கமிஷன் பான் ஆமையும் எஃப்ஏஏவையும் சேத்தே கிழிச்சுது. 1992 ஜூலைல நியூயார்க் ஜூரி இது கவனக்குறைவு இல்ல, தெரிஞ்சே பண்ண தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அதுக்குள்ள கம்பெனியே இல்ல. 1991 டிசம்பர் 4, கடைசி ஃப்ளைட் பார்படாஸ்ல இருந்து மியாமி. ஆயிரக்கணக்கான ஸ்டாஃப் அன்னைக்கு காலைல வேலைக்கு வந்து மத்தியானம் வேலை இல்லாம வீட்டுக்குப் போனாங்க. நல்லா வேலை பாத்தவன், சம்பளத்த விட்டுக் குடுத்தவன், கராச்சில தன் க்ரூவ பறிகொடுத்தவன், எல்லாரும்.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். செக்யூரிட்டிக்கு எவ்ளோ செலவு பண்றேன்னு கம்பெனி சொல்றத நான் கணக்குலயே எடுக்க மாட்டேன். ஷிஃப்ட்ல கம்மி சம்பளம் வாங்குறவன் "நிறுத்துங்க, இந்தப் பெட்டி போகாது"ன்னு சொன்னா நிக்குதா, சொன்னவனுக்கு அடுத்த மாசம் வேலை இருக்கா, இது ரெண்டத்தான் பாப்பேன். ஸ்டாஃப நல்லா வெச்சிருந்தா செக்யூரிட்டி தானா நல்லா இருக்கும்.

ஹெச்ஆர்_வேலு:

பழையஆள் சார், நீங்க சொன்ன கடைசி வரியத் தவிர எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ஸ்டாஃப நல்லா வெச்சிருந்தா தானா நல்லா இருக்கும்னு எல்லாம் விட முடியாது சார், நான் ஏர்போர்ட் சைடுலயே ஹெச்ஆர் பாக்குறவன். பிஎஸ்ஏன்ற அமெரிக்க ஏர்லைனோட 1771 ஃப்ளைட் தெரியும்ல உங்களுக்கு. முத்துவுக்காக சொல்றேன்.

1987 டிசம்பர் 7, லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போற ஃப்ளைட். பிஎஸ்ஏவ யுஎஸ் ஏர் அப்பதான் வாங்கியிருந்துச்சு. யுஎஸ் ஏர்ல ஒரு டிக்கெட் ஏஜென்ட், ஃப்ளைட்ல டிரிங்க்ஸ் வித்த காசுல 69 டாலர் எடுத்தான்னு வேலைய விட்டு எடுத்துட்டாங்க. குடும்பத்த நெனச்சுப் பாருங்கன்னு மேனேஜர் கிட்ட கெஞ்சிப் பாத்தான், நடக்கல. அந்த மேனேஜர் தெனமும் போற ஃப்ளைட்ல இவனும் டிக்கெட் எடுத்து ஏறிட்டான். வேலைய விட்டு எடுத்தாங்களே தவிர ஐடி கார்ட வாங்கல. அந்தக் கார்ட காட்டி செக்யூரிட்டி செக் இல்லாம துப்பாக்கியோட உள்ள போயிட்டான், ஏன்னா அப்ப ஏர்லைன் ஸ்டாஃபுக்கு செக்கே கெடையாது. மேனேஜரையும் சுட்டு, பைலட்டுங்களையும் சுட்டு, 43 பேரோட ஏர்கிராஃப்ட் மலையில விழுந்துச்சு.

அதுக்கு அப்புறம்தான் வேலைய விட்டு எடுத்த ஒடனே கார்ட புடுங்கணும், க்ரூவும் ஸ்டாஃபும் பேசஞ்சர் மாதிரியே செக் பண்ணிக்கிட்டுதான் போகணும்னு அமெரிக்கால ரூல் வந்துச்சு. இன்னைக்கு நம்ம ஊர்லயும் ராம்ப் லோடர்ல இருந்து கேப்டன் வரைக்கும் ஃபிரிஸ்கிங் (ஒடம்பத் தடவிப் பாக்குற சோதனை) ஆகித்தானே உள்ள போறோம், ஏர்போர்ட் பாஸ் போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாம கைக்கு வராது, வேலைய விட்டா பாஸ சரண்டர் பண்ணாத வரைக்கும் செட்டில்மென்ட் கெடையாது. சில பசங்க "எங்கள திருடன் மாதிரி பாக்குறாங்க"ன்னு சங்கடப்படுறாங்க. அது அவமானம் இல்லப்பா, 43 பேர் செத்து வந்த ரூல்.

அதனால நல்லா நடத்துறது வேற, சோதிக்கிறது வேற. ரெண்டும் வேணும்.

மீனம்பாக்கம்_பழையஆள்:

வேலு, நியாயம்தான், தானான்னு நான் சொன்னது கொஞ்சம் ஜாஸ்திதான், சோதனைய நான் வேண்டாம்னே சொல்லல. ஆனா 1771ல நீங்க இன்னொன்னையும் பாக்கணும். கொலைக்கு அவன்தான் பொறுப்பு, அதுல பேச்சே இல்ல, 69 டாலருக்கு வேலை போச்சுன்னு 43 பேர கொல்ல யாருக்கும் எந்த நியாயமும் கெடையாது. ஆனா ஒரு ஆள வெளிய அனுப்புறதே ஒரு செக்யூரிட்டி வேலைதான்னு அன்னைக்கு யாருக்கும் தோணல. லெட்டர் குடுத்தாச்சு, போ. கார்டு எங்க, அவன் லாக்கர்ல என்ன இருக்கு, அவன் எந்த நெலமைல வெளிய போறான், யாரும் கேக்கல. ஹெச்ஆரும் செக்யூரிட்டியும் தனித்தனி ரூம்ல ஒக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும்.

2018 சியாட்டில் எடுத்துக்கோங்க. ஹொரைசன் ஏர், ராம்ப்ல ஏர்கிராஃப்ட் இழுக்குற டீம்ல இருந்த பையன், ஆகஸ்ட் 10 சாயங்காலம் காலியா நின்ன கியூ400 ஏர்கிராஃப்ட்ட இழுவை வண்டி வெச்சு திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டான். அவன் பாஸ் செல்லும், பேக்கிரவுண்ட் செக் முடிஞ்சவன், ஃபிரிஸ்கிங் எல்லாம் ஆனவன், அவன் எந்த கேட்டையும் ஏமாத்தல. ஒரு மணி நேரத்துக்கு மேல பறந்தான், எஃப்-15 பின்னாடி போச்சு, கடைசில யாரும் இல்லாத பக்கம் ஒரு தீவுல விழுந்து செத்தான், அவனத் தவிர யாருக்கும் ஒண்ணும் ஆகல. கன்ட்ரோலர் கிட்ட ரேடியோல பேசிக்கிட்டே போறான், மினிமம் வேஜ் பத்தி பேசுறான், எம்மேல பாசம் வெச்சவங்க நெறைய பேரு, அவங்க எல்லாம் வருத்தப்படுவாங்கன்னு சொல்றான். அந்த டேப்ப கேட்டுட்டு எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. எஃப்பிஐ விசாரிச்சு தீவிரவாதம் எல்லாம் எதுவும் இல்லன்னு முடிச்சுட்டாங்க.

அந்தப் பையன எந்த மெஷின் பிடிச்சிருக்கும் சொல்லுங்க? கூட வேலை செய்றவன், ஷிஃப்ட் லீடர், இவன் ரெண்டு வாரமா சரியில்லையேன்னு பாக்குறவன், அவன் மட்டும்தான் கண்டிருக்க முடியும். அப்படிப் பாக்கணும்னா ஆளுங்க ஒரே டீம்ல கொஞ்ச நாளாவது நெலச்சு இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு காண்ட்ராக்ட் மாறுனா யாருக்கு யாரத் தெரியும்?

பறந்தவள்_1990:

ஜெர்மனி ஏர்லைன் ஜெர்மன்விங்ஸ்லயும் அதேதான் நடந்துச்சு. 2015ல கோ-பைலட் கதவப் பூட்டிக்கிட்டு 150 பேரோட ஆல்ப்ஸ்ல எறக்கிட்டான். கதவு அவ்ளோ பலமா இருந்ததுக்குக் காரணம் 2001 செப்டம்பர் 11, வெளிய இருந்து வர்றவன தடுக்க பண்ண கதவு. அவன் டாக்டர் சீட்டு வாங்கி கிழிச்சுப் போட்டுட்டு வேலைக்கு வந்திருக்கான், சொன்னா லைசென்ஸ் போயிடும், வருமானம் போயிடும்ன்ற பயம். ரிப்போர்ட்ல அதையே பெருசா எழுதியிருந்தாங்க, சொன்னா சோத்துக்கு வழி இல்லாம போயிடும்ன்ற பயம் இருக்க வரைக்கும் பைலட் மறைக்கத்தான் செய்வான்னு. அதுக்கப்புறம்தான் ஐரோப்பால சக பைலட்டுங்க கிட்ட மனசு விட்டுப் பேச ஏற்பாடு கட்டாயம் ஆச்சு. பயந்து மறைக்கிற எடத்துல செக்யூரிட்டி இருக்காது, வேலு தம்பி, ஒடம்புக்கு முடியலன்னு சொன்னா சம்பளம் பிடிக்கிறது கூட இதுல ஒரு பங்குதான்.

ஹெச்ஆர்_வேலு:

ஒத்துக்கிறேன் அக்கா. எங்க சைடுல கேக்க வேண்டிய கேள்விதான் இது.

லோட்ஷீட்_ராஜி:

லேட்டா வர்றேன், மன்னிக்கணும். முத்து, நீங்க பான் ஆம் கேட்டீங்க, ஆனா பான் ஆம் தப்பு பண்ணதுக்கு மூணரை வருஷம் முன்னாடியே அதே தப்புக்கு 329 பேர் செத்திருந்தாங்க, அத யாரும் இங்க சொல்லல. ஏர் இந்தியா 182, கனிஷ்கான்னு பேர் வெச்ச ஏர்கிராஃப்ட், 1985 ஜூன் 23, பெட்டில இருந்த குண்டு வெடிச்சு கடல்ல விழுந்துச்சு.

வான்கூவர்ல ஒருத்தன் செக்-இன் கவுன்டருக்கு வர்றான். அவனுக்கு டொரன்டோ வரைக்கும்தான் கன்ஃபர்ம், அதுக்கு மேல வெயிட்டிங் லிஸ்ட். ஆனா பெட்டிய மட்டும் டெல்லி வரைக்கும் போடுன்னு அடம் பிடிக்கிறான். கவுன்டர்ல இருந்த பொண்ணு முடியாதுன்னு சொல்றாங்க. பின்னாடி பெரிய க்யூ. அவன் வாக்குவாதம் பண்றான், க்யூ நீளுது, கடைசில சரின்னு டேக் போட்டுடுறாங்க. அவன் ஃப்ளைட்ல ஏறவே இல்ல. பெட்டி மட்டும் போச்சு. டொரன்டோல எக்ஸ்ரே மெஷின் பாதில ரிப்பேர், கைல பிடிக்கிற மோப்பக் கருவி ஒண்ணு குடுத்தாங்க, அது ஒரு பெட்டி கிட்ட சத்தம் போட்டிருக்கு, சத்தம் வந்தா என்ன பண்ணணும்னு அந்த காண்ட்ராக்ட் செக்யூரிட்டி ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. போலீஸ் நாய்ங்க எல்லாம் அந்த நேரம் வான்கூவர்ல ட்ரெயினிங்.

கவுன்டர்ல அந்தப் பொண்ணு மொதல்ல சொன்ன "முடியாது" இருக்கு பாருங்க, அது சரி. அத காப்பாத்த பின்னாடி ஒரு சூப்பர்வைசர் வந்து நிக்கணும், நிக்கல. நான் 15 வருஷத்துக்கு மேல கவுன்டர்லயும் லோட் கன்ட்ரோல்லயும் (ஏர்கிராஃப்ட்ல ஏறுற ஆள், பெட்டி கணக்கு பாக்குற எடம்) இருந்தவ, கத்துற பேசஞ்சர் முன்னாடி தனியா நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். அவங்க மேல எனக்கு கோவமே வரல. கம்பெனி அவங்கள அங்க தனியா விட்டுச்சு.

அதே நாள் ஜப்பான் நரிட்டால இன்னொரு பெட்டி வெடிச்சுது, அதுவும் அதே வான்கூவர்ல இருந்து ஆள் இல்லாம வந்த பெட்டிதான், ஏர் இந்தியா ஃப்ளைட்டுக்கு மாத்துறதுக்குள்ள வெடிச்சிடுச்சு. செத்தது ரெண்டு லோடர். அவங்களுக்கு பெட்டில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? முத்து, உங்க ஷிஃப்ட்ல யாராவது "பேசஞ்சர் ஏறலன்னா என்ன, பெட்டி போகட்டும்"னு சொன்னா, மொதல்ல கை வெக்கிறவன் லோடர்தான்னு ஞாபகப்படுத்துங்க.

நம்ம நாட்டு விமானப் பாதுகாப்ப பாக்குற பிசிஏஎஸ் 1987 ஏப்ரல்ல தனி டிபார்ட்மென்டா ஆனதே கனிஷ்காவுக்கு அப்புறம்தான். ஆனா அதுக்கும் முன்னாடி நம்ம ஊர்லயே பாடம் இருந்துச்சு, பழையஆள் சாருக்கு தெரிஞ்சிருக்கும்.

மீனம்பாக்கம்_பழையஆள்:

தெரியும்மா. 1984 ஆகஸ்ட் 2. மீனம்பாக்கம். கொழும்பு போற ஏர் லங்காவுக்கு பெட்டி போட்ட ஆள் ஃப்ளைட் ஏறல, ஆள் இல்லாத பெட்டின்னு ஒதுக்கி வெச்சாங்க, எச்சரிக்கை போன் வந்தும் பெட்டி கட்டடத்துக்குள்ளயே இருந்து வெடிச்சிடுச்சு. 30 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் சிலோன் போக ஒக்காந்திருந்த ஜனங்க. பெட்டிய ஃப்ளைட்ல ஏத்தாம விட்டது சரியா பண்ண வேலை. அதுக்கப்புறம் அத எங்க கொண்டு போகணும், யார் முடிவு எடுக்கணும், அதுல தெளிவு இல்ல. அந்த வாரம் அங்க டியூட்டி பாத்த பெரியவர் ஒருத்தர் எனக்கு சீனியரா வந்தாரு, ஆள் இல்லாத பெட்டின்னா அவர் யாரையும் பக்கத்துல நிக்க விடமாட்டாரு, மேனேஜரே வந்தாலும் தள்ளிப் போங்க சார்னு சொல்லிடுவாரு. நான் தொழில் கத்துக்கிட்டது அவர் கிட்டதான்.

நெல்லை_முத்து:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கிளாஸ்ல கெடச்சதவிட இங்க கெடச்சது ஜாஸ்தி. வேலு சார் சொன்னப்புறம் ஃபிரிஸ்கிங் பத்தி எனக்கு இருந்த சங்கடம் போயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம் மட்டும், நேரடியாவே கேக்குறேன். நாளைக்கு நெஜமா ஒரு நெலம வருது, கேட் க்ளோஸ் ஆச்சு, ஒரு நோ-ஷோ (பெட்டி போட்டுட்டு ஏறாத ஆள்), பெட்டி உள்ள ஹோல்டுல (ஏர்கிராஃப்ட்ல பெட்டி வெக்கிற எடம்) போயாச்சு, தேடி எறக்க இருபது நிமிஷம் ஆகும், மேல இருக்கவர் "எக்ஸ்ரே ஆன பெட்டிதானே, விடு"ன்றாரு. நான் புதுசு, காண்ட்ராக்ட் வேற. என்ன சொல்லணும், யார் கிட்ட சொல்லணும்?

லோட்ஷீட்_ராஜி:

முத்து, மொதல்ல வாக்குவாதம் பண்ணாதீங்க, நம்பர் சொல்லுங்க. "சார், இந்த சீட் நோ-ஷோ, டேக் நம்பர் இது, இந்த ஹோல்டுல இந்த பொசிஷன்ல இருக்கு, ஆஃப்லோட் ஆகல." அவ்ளோதான். நம்பரோட சொன்னா அது கோரிக்கை இல்ல, தகவல், அத கேட்டவரு கேக்கலன்னு பின்னாடி சொல்ல முடியாது. சொல்றப்ப கூட லோட் கன்ட்ரோல் ஆள் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க, ஏன்னா பெட்டியோட எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் ஒத்துப் போகலன்னா நாங்க பேப்பர் குடுக்க மாட்டோம். அப்பவும் விடுன்னா கேப்டனுக்கு தெரியணும்னு கேளுங்க. நான் பாத்த வரைக்கும் ஆள் இல்லாத பெட்டி உள்ள இருக்குன்னு காதுல விழுந்த எந்த கேப்டனும் கெளம்ப ஒத்துக்கிட்டது இல்ல, அவரும் அதே ஏர்கிராஃப்ட்லதான் போறாரு.

மீனம்பாக்கம்_பழையஆள்:

ராஜி சொன்னதோட இதையும் சேத்துக்கோ. லாக் புக்ல எழுது, டைம் போட்டு, டேக் நம்பர் போட்டு, யார் கிட்ட சொன்னன்னும் போட்டு. கம்பெனி உள்ள குவாலிட்டி கன்ட்ரோல் ஆள் யாரு, ஏர்லைனோட செக்யூரிட்டி ஹெட் யாருன்னு இப்பவே, பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்க. உங்க கம்பெனி சூப்பர்வைசர் உனக்கு சம்பளம் குடுக்குறவர் ஆளு, ஆனா அந்த ஃப்ளைட்டுக்கு பொறுப்பு ஏர்லைன், அதனால ஏர்லைன் ஆள் காதுக்கும் போகணும்.

காண்ட்ராக்ட்னு சொன்ன பாரு, அது உன் பிரச்சனை மட்டும் இல்ல. உன்ன மாதிரி புதுப் பையன் நிறுத்துங்கன்னு சொல்றப்ப பக்கத்துல நிக்கிற பெர்மனன்ட் ஆள் "அவன் சொல்றது சரி, எறக்குங்க"ன்னு சேந்து சொல்லணும். அத நான் இங்க படிக்கிற சீனியர்ஸுக்கும் சேத்துத்தான் சொல்றேன். இருபது நிமிஷ டிலேக்கு காரணம் எழுதறப்ப அந்தப் பையன் பேர எழுதாதீங்க, உங்க பேர எழுதுங்க.

பறந்தவள்_1990:

முத்து, உன் ஷிஃப்ட் எப்ப முடியுதுன்னு சொல்லு, எனக்கு தெரிஞ்ச ஏர்லைன் செக்யூரிட்டி மேனேஜர் ஒருத்தர் இருக்காரு, கராச்சி க்ரூ பத்தி நேர்லயே ட்ரெயினிங்ல பேசுறவரு. உங்க பேட்ச்சுக்கு வந்து பேச முடியுமான்னு கேக்குறேன். தனியா மெசேஜ் போடு.

நெல்லை_முத்து:

போட்டுட்டேன் அக்கா. நாளைல இருந்து நைட் ஷிஃப்ட், காலைல 7 மணிக்கு ஃப்ரீ. குவாலிட்டி கன்ட்ரோல் யாருன்னு இன்னைக்கே கேட்டுட்டேன், பேரும் நம்பரும் வாங்கி வெச்சுட்டேன்.